சாரலில் தொடங்கும் ஆங்கிலம்: செங்கோட்டை, ஆரியங்காவு வட்டாரத்தின் புதிய கற்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் மலைப்பாதையின் இருபுறமும் வாழ்கிற நமக்கு இரண்டு மொழிகள் எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லாமலே வந்துவிட்டன. சந்தையில் தமிழும், புனலூர்ப் பேருந்தில் மலையாளமும் பேசுகிற நாம், ஆங்கிலத்தை மட்டும் ஐம்பது சொற்கள் கொண்ட பட்டியலாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடுகிறோம். மலையாளத்தைப் பட்டியலாக யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை. பலாப்பழத்தைக் காட்டிச் ‘சக்க’ என்றார்கள், மழை பெய்யும்போது மழையைப் பற்றிப் பேசினார்கள். அதே வழியில் ஆங்கிலத்தையும் நம் மலை, மழை, திருவிழா ஆகியவற்றிலிருந்து தொடங்குவதற்கான படிகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரு பொருள்

இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே பொருள் போதும். இந்த வாரம் மழை என்றால் மழை மட்டுமே. ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறம் நீங்கள் வீட்டில் உண்மையாகவே பேசும் தமிழ் வாக்கியத்தையும், வலப்புறம் அதற்குரிய ஆங்கில வாக்கியத்தையும் எழுத வேண்டும். தனிச்சொல்லை எழுதக் கூடாது என்பதே இந்த நோட்டின் ஒரே சட்டம். நான் ஆங்கிலச் சொற்களை ஒலிக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அவற்றின் எழுத்துக்கூட்டலை நீங்களே அகராதியில் தேடி நோட்டில் எழுதுங்கள். தேடிக் கண்டுபிடித்த சொல் எளிதில் மறப்பதில்லை.

இரண்டாம் படி: ஏற்கெனவே நம்முடையவை

முதல் பக்கத்துக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்திக்கொள்ளலாம். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தபின், போர்த்துகீசியர்கள் நம் மரங்களையும் காய்களையும் நம் பெயர்களாலேயே அழைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் வாய்வழியாகத் தேக்கு ‘டீக்’ ஆகவும், சக்க ‘ஜாக்’ ஆகவும், மாங்காய் ‘மேங்கோ’ ஆகவும், வெற்றிலை ‘பீட்டல்’ ஆகவும், மலையாளத்து அடக்க (பாக்கு) ‘அரிக்கா’ ஆகவும் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கயிறு ‘கொயர்’ ஆனது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ என்ற சூப் ஆனது. ஆனால் பொருள் மாறியவற்றில் கவனம் தேவை. நம் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. ஆங்கிலத்தில் இன்று ‘கேட்டமரன்’ என்றால் இரண்டு அடிப்பாகங்களை இணைத்த படகு.

மூன்றாம் படி: மழையும் காற்றும்

நம் வட்டாரத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழையைத் தவிர வேறு பேச்சு இருப்பதில்லை என்பதால், இந்தப் படியில் அதிக நாள் தங்குவது நல்லது.

தமிழில் ‘மழை பெய்கிறது’ என்னும்போது மழை எழுவாய். ஆங்கிலத்தில் பெய்தல் முழுவதும் வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆனாலும் எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதால், எதையும் குறிக்காத ‘இட்’ என்ற சொல்லை அங்கே வைத்து ‘இட் இஸ் ரெய்னிங்’ என்கிறார்கள். இதை உள்வாங்கிக்கொண்டு, இதோடு மழைக்கான மற்ற வாக்கியங்களையும் பழகிக்கொள்ளுங்கள். மழை வரும்போல் இருக்கிறது என்பது ‘இட் லுக்ஸ் லைக் ரெயின்’. மழை விட்டுவிட்டது என்பது ‘த ரெயின் ஹாஸ் ஸ்டாப்ட்’. மழைக்கு ஒதுங்கினோம் என்பது ‘வீ டுக் ஷெல்டர் ஃப்ரம் த ரெயின்’. மழையில் மாட்டிக்கொண்டேன் என்பது ‘ஐ வாஸ் காட் இன் த ரெயின்’.

அடுத்தது துணைச்சொல். நாம் பெரிய மழை, பெரிய காற்று என்று இரண்டுக்கும் ஒரே அடைமொழியைப் பயன்படுத்துவோம். ஆங்கிலத்தில் மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, மூடுபனிக்கு ‘திக்’. நான் பல ஆண்டுகள் ‘ஹெவி விண்ட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். புரியாமல் போகவில்லை, ஆனால் கேட்டவர் ஒரு கணம் நின்று யோசித்ததைப் பார்த்த பிறகுதான் அகராதியைத் திறந்தேன். ஆகவே ‘விண்ட்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அதன் துணையையும் சேர்த்தே எழுதுங்கள்.

இனி, சாரல். அகராதி இதற்கு ‘டிரிஸில்’ என்று சொல்லும். சாரல் அடிக்கிறது என்பதற்கு ‘இட் இஸ் டிரிஸ்லிங்’ என்று சொன்னால் போதுமானதுதான். ஆனால் ‘டிரிஸில்’ என்பது தூறல் மட்டுமே. குற்றாலத்துச் சாரலில் காற்றும் குளிர்ச்சியும் சேர்ந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரத்தைச் சுமந்து கிழக்கே இறங்குவதால் உண்டாகும் மழை அது. இதை ஒரே சொல்லால் பெயர்க்க முயல வேண்டாம். ‘எ ஃபைன் டிரிஸில் ப்ராட் பை த விண்ட் த்ரூ த மவுண்டன் பாஸ்’ என்று விரித்துச் சொல்லுங்கள். ‘மவுண்டன் பாஸ்’ என்பது கணவாய். மலையின் காற்றெதிர்ப் பக்கம் ‘விண்ட்வர்ட் சைட்’, மறுபக்கம் ‘லீவர்ட் சைட்’. தென்மலை முன்னதில் இருக்கிறது, சங்கரன்கோவில் பின்னதில் இருக்கிறது. சங்கரன்கோவில் பகுதியைப் போல மலையால் மழை மறிக்கப்பட்ட நிலம் ‘ரெயின் ஷேடோ’ எனப்படும். மழைக்கு நிழல் உண்டு என்ற இந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடித்தது.

நான்காம் படி: ரயிலில் முன்னிடைச்சொற்கள்

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து இடத்தையும் திசையையும் காட்டும் ஆங்கிலத்தின் முன்னிடைச்சொற்களை (ப்ரெபொசிஷன்) இலக்கண நூலில் படிப்பதைவிடச் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் ஒருமுறை போய்வருவது மேல். 1904இல் மீட்டர்கேஜாகத் திறக்கப்பட்டு, 2018இல் அகலப்பாதையாக மீண்டும் முழுமையாக இயங்கத் தொடங்கிய இந்தப் பாதை, கற்பவர்களுக்கென்றே போட்டதுபோல இருக்கிறது. ரயில் குகைக்குள் புகுந்து வெளிவரும்போது ‘த்ரூ எ டனல்’; பதின்மூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது ‘ஓவர் த ப்ரிட்ஜ்’; ஆற்றை ஒட்டியே ஓடும்போது ‘அலாங் த ரிவர்’. புனலூரில் இறங்கி, கல்லடையாற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 1877இல் கட்டப்பட்ட தொங்குபாலத்தைப் பாருங்கள். அது ‘எ சஸ்பென்ஷன் ப்ரிட்ஜ் அக்ராஸ் த ரிவர்’. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வோர் இடத்திலும் அதற்குரிய சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

ஐந்தாம் படி: காட்டின் மூன்று சொற்கள்

மேற்குத் தொடர்ச்சி மலை 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 39 இடங்களுடன் சேர்க்கப்பட்டதிலிருந்து, அதைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்க மூன்று சொற்கள் முதலில் தேவை. ஓரிடத்துக்கு இயல்பாக உரியது ‘நேட்டிவ்’. அந்த ஓரிடத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது ‘எண்டெமிக்’. வெளியிலிருந்து வந்து பரவிக் கெடுப்பது ‘இன்வேசிவ்’. முதல் இரண்டும் ‘டு’ என்பதைத் துணையாகக் கொள்ளும். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்வதால் ‘எண்டெமிக் டு த வெஸ்டர்ன் காட்ஸ்’ என்கிறோம்; தென்மலைக்கு அருகிலுள்ள செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்த செங்குறிஞ்சி மரமும் அப்படிப்பட்டதே. வேலியோரமெல்லாம் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடிக்கு இரண்டு சொற்கள் வேண்டும்: அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு ‘நேட்டிவ்’, நமக்கு ‘இன்வேசிவ்’. ஒரே செடிக்கு இடம் மாறினால் சொல்லும் மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களில் படமெடுக்கக் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருபவர்களிடம் ‘த சன்ஃப்ளவர்ஸ் ஆர் இன் ஃபுல் ப்ளூம்’ என்று சொல்லிப் பாருங்கள். பூத்துக் குலுங்குகின்றன என்பதற்கு அதுவே பொருத்தமான தொடர்.

ஆறாம் படி: மொழிபெயராத பண்பாட்டை விளக்குதல்

கோலத்துக்கும் முளைப்பாரிக்கும் பூக்களத்துக்கும் ஆங்கிலத்தில் பெயர் தேடுவது வீண்வேலை. பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அது எந்த வகையைச் சேர்ந்தது, எதனால் ஆனது, எப்போது செய்வது என்ற மூன்றையும் சொன்னால் கேட்பவருக்கு விளங்கிவிடும். ‘கோலம் இஸ் எ பேட்டர்ன் ட்ரான் வித் ரைஸ் ஃப்ளவர்’ என்பது அரிசிமாவுக் கோலம். ‘பூக்களம் இஸ் எ பேட்டர்ன் மேட் வித் ஃப்ளவர்ஸ்’ என்பது ஓணத்துப் பூக்கோலம். மாவும் பூவும் ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்றே, எழுத்தால் வேறு. நோட்டில் இரண்டையும் அருகருகே எழுதிவையுங்கள். பொருள் உருமாறாமல் தெரிந்தால் ‘மேட் ஆஃப்’, உருமாறிவிட்டால் ‘மேட் ஃப்ரம்’. தேக்குக் கதவு ‘மேட் ஆஃப் டீக்’. இட்லியோ ‘மேட் ஃப்ரம் ரைஸ் அண்ட் ப்ளாக் கிராம்’.

ஓணமும் பொங்கலும் ‘ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்’ என்ற வகை. திருவிழாவைச் ‘செலிப்ரேட்’ செய்வோம். விரதத்தை ‘அப்சர்வ்’ செய்வோம். மண்டலக் காலத்தில் ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் பக்தர் ‘பில்கிரிம்’, அவரது பயணம் ‘பில்கிரிமேஜ்’. மகாபலி ஆண்டுதோறும் தம் மக்களைக் காண வருகிறார் என்ற ஐதீகத்தைச் சொல்லும்போது ‘இஸ் பிலீவ்ட் டு’ என்ற தொடர் கைகொடுக்கும்: ‘கிங் மஹாபலி இஸ் பிலீவ்ட் டு விசிட் ஹிஸ் பீப்பிள் எவ்ரி இயர்’. நம்பிக்கையை நம்பிக்கையாகவே சொல்ல உதவும் இந்தத் தொடர், தலபுராணம் எதற்கும் பொருந்தும்.

ஏழாம் படி: சாலைப் பலகையும் வானிலை அறிக்கையும்

மலைப்பாதையின் எச்சரிக்கைப் பலகைகளைப் படமெடுத்து வந்து வீட்டில் படியுங்கள். ‘ஹேர்பின் பெண்ட்’ என்பது கொண்டை ஊசி வளைவு. ‘ப்ளாஸ்டிக் ஃப்ரீ ஸோன்’ என்ற பலகையில் உள்ள ‘ஃப்ரீ’ இலவசம் என்று பொருள்படாது. பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டி வரும்போது அது ‘இல்லாத’ என்ற பொருளைத் தரும்.

கடைசியாக, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆங்கில அறிக்கை. மூன்றாம் படியில் பார்த்த ‘ஹெவி’ இங்கே அளவுகோலாக மாறிவிடுகிறது: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் ‘ஹெவி’, அதற்கு மேல் 204.4 வரை ‘வெரி ஹெவி’, அதையும் தாண்டினால் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’. ‘அட் ஐசொலேட்டட் ப்ளேசஸ்’ என்பதைத் தனித்துக் கிடக்கும் ஊர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்காங்கே ஓரிரு இடங்களில் என்பதே அதன் பொருள். எச்சரிக்கை விடுத்தார்கள் என்பதற்கு ‘இஷ்யூட் எ வார்னிங்’ என்று எழுதுவார்கள்.

கொல்லம் மாவட்டத்துக்கும் தென்காசி மாவட்டத்துக்கும் ஒரே நாளில் வெளியான இரண்டு அறிக்கைகளை எடுத்து, எந்தப் பக்கம் எவ்வளவு மழை என்று ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியங்கள் எழுதுங்கள். மறுநாள் காலை முற்றத்தில் நின்று, பெய்ததையும் பெய்யாததையும் மூன்றாவது வாக்கியமாகக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்.