எக்ஸ்பிரஸில் குக்கீ வழி லாகின்: முதல்முறை செய்பவர்களுக்கு

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். அதில் பெயர், ஊர் எதுவும் இருக்காது, எண் மட்டும்தான். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி உருவாக்கிய குக்கீயையும் (சர்வர் கொடுத்ததைப் பிரவுசர் வைத்திருந்து திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு) லாகினுக்கு இப்படித்தான் பயன்படுத்த வேண்டும். யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண் பிரவுசரிடம் போகட்டும். அது யாருடையது என்பது சர்வரிலேயே இருக்கட்டும். 'அட்மின்' என்று குக்கீயில் நேரடியாக எழுதினால், எவரும் அதைத் திருத்தி அனுப்பிவிடலாம்.

முதலில் என்பிஎம் (நோட்.ஜேஎஸ் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) மூலம் எக்ஸ்பிரஸ் (நோட்.ஜேஎஸில் வெப் சர்வர் எழுத உதவுவது), எக்ஸ்பிரஸ்-செஷன் (குக்கீ எண்ணையும் சர்வரில் உள்ள விவரத்தையும் இணைப்பது), பிகிரிப்ட் (கடவுச்சொல்லை ஹாஷ் ஆக்குவது) மூன்றையும் நிறுவுங்கள்.

அடுத்து பதிவுப் பக்கம். கடவுச்சொல்லை அப்படியே டேட்டாபேஸில் போடாதீர்கள். பிகிரிப்டுக்கு 12 என்று காஸ்ட் (கணக்கீடு எவ்வளவு கடினம் என்பது) கொடுத்து, வரும் ஹாஷை (கடவுச்சொல்லாகத் திருப்ப முடியாத வடிவம்) மட்டும் சேமியுங்கள். பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். யுடிஎஃப்-8இல் 'கி' ஒன்றே 6 பைட். தமிழில் கடவுச்சொல் வைப்பவருக்கு 12 எழுத்திலேயே எல்லை வந்துவிடலாம். பதிவின்போதே பைட் நீளத்தைச் சோதித்துச் சொல்லிவிடுங்கள்.

இனி செஷன் (ஒவ்வொரு எண்ணுக்கும் சர்வர் வைத்திருக்கும் விவரம்) அமைப்பு. குக்கீயில் கையொப்பமிடும் ரகசியச் சொல்லை கோடில் எழுதாமல் என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள். மாறாத செஷனையும் காலி செஷனையும் வீணாகச் சேமிக்காமலிருக்க ரீசேவ், சேவ்அன்இனிஷியலைஸ்டு இரண்டும் ஃபால்ஸ். குக்கீக்கு எச்டிடிபிஒன்லி ட்ரூ (பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது), சேம்சைட் லாக்ஸ் (பிற தளங்களிலிருந்து வரும் பெரும்பாலான கோரிக்கைகளோடு அது போகாது). செக்யூர் ட்ரூ என்றால் எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டுமே குக்கீ போகும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கி எக்ஸ்பிரஸுக்கு அனுப்பும் பிராக்ஸி சர்வர்) இருந்தால், வெளியே எச்டிடிபிஎஸ் இருந்தாலும் எக்ஸ்பிரஸுக்கு உள்ளே வருவது சாதாரண எச்டிடிபிதான். அதனால் குக்கீயே அனுப்பப்படாது, பிழைச் செய்தியும் வராது. எனக்கு ஒரு மாலை முழுக்க இதில் போனது. எக்ஸ்பிரஸில் 'டிரஸ்ட் பிராக்ஸி' மதிப்பை 1 ஆக்கி, என்ஜின்எக்ஸும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெட்டரை (வெளி இணைப்பு எச்டிடிபிஎஸ்தானா என்று சொல்வது) அனுப்பினால் சரியாகிவிடும்.

லாகின் ரூட்டில் கடவுச்சொல் பொருந்தியதும் பயனர் ஐடியை உடனே செஷனில் எழுதாதீர்கள். முதலில் ரீஜெனரேட் செய்து எண்ணை மாற்றுங்கள், பிறகு எழுதுங்கள். தனக்குத் தெரிந்த எண்ணை ஒருவர் முன்கூட்டியே உங்கள் பயனரின் பிரவுசரில் திணித்திருந்தால், லாகினுக்குப் பிறகு அதே எண்ணால் அவரும் உள்ளே வந்துவிடுவார். இந்த ஒரு வரியை விட்டுவிட்டுச் சொல்லித்தரும் பாடங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாதுகாக்க வேண்டிய பக்கங்களுக்கு ஒரு மிடில்வேர் (பக்கம் போகும் முன் ஓடும் ஃபங்ஷன்) போதும்: செஷனில் ஐடி இல்லையென்றால் லாகினுக்குத் திருப்பிவிடுங்கள்.

லாகவுட்டில் செஷனை டிஸ்ட்ராய் செய்வது கட்டாயம். பிரவுசரில் மட்டும் குக்கீயை அழித்தால், சர்வரில் அந்த எண் இன்னும் செல்லுபடியாகும்.

செஷன்கள் இயல்பாக மெமரியில்தான் இருக்கும். சர்வரை மறுபடி தொடங்கினால் எல்லோரும் வெளியேறிவிடுவார்கள். நேரடிப் பயன்பாட்டுக்கு ரெடிஸ் (சர்வருக்கு வெளியே தனியாக ஓடும் டேட்டாபேஸ்) வையுங்கள்.

இப்போது லாகின் செய்து, பிரவுசர் கன்சோலில் டாகுமென்ட்.குக்கீ என்று அடித்துப் பாருங்கள். கனெக்ட்.எஸ்ஐடி (எக்ஸ்பிரஸ்-செஷன் குக்கீயின் இயல்பான பெயர்) அதில் தெரியக் கூடாது.