'போன்' படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு

ஜெஃப் ஸ்மித் 1991ல் தொடங்கி 2004ல் முடித்த மாயாஜால காமிக்ஸ் கதை 'போன்' (Bone). 55 இதழ்கள், தொகுப்பாக 9 பாகங்கள், 1,300 பக்கங்களுக்கு மேல். மலைக்க வேண்டாம், பல பக்கங்களில் பேச்சே கிடையாது.

முதலில் பதிப்பு. ஸ்மித் வரைந்தது கருப்பு வெள்ளையில். வண்ணப் பதிப்பு 2005லிருந்து வர ஆரம்பித்தது. என் ஓட்டு கருப்பு வெள்ளைக்குத்தான். அவருடைய தூரிகைக் கோடு அதில்தான் பளிச்சென்று தெரியும். எல்லாம் சேர்ந்த ஒரே தடிப் புத்தகமும் உண்டு. ஆனால் அதைப் படுத்துக்கொண்டு படித்தால் கை கடுத்துவிடும். இப்போதைக்கு முதல் பாகம் மட்டும் போதும்.

சரி, புத்தகம் கையில் வந்தாச்சு. கதையின் நாயகர்கள் ஃபோனி, ஃபோன், ஸ்மைலி என்ற மூன்று போன்கள், உறவுக்காரர்கள். ஃபோனியை ஊரைவிட்டே துரத்துகிறார்கள். மற்ற இருவரும் கூடவே கிளம்புகிறார்கள். வழியில் ஒரு வெட்டுக்கிளிப் படை வந்து மூவரையும் பிரித்துவிடுகிறது. அந்த வெட்டுக்கிளிகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். பேச்சு பலூன்களை மட்டும் மேய்ந்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். முதல் பாகத்தில், துரத்தும் எலிப் பிராணிகளிடமிருந்து தப்பிக்கப் பள்ளத்தில் குதிக்கிற ஃபோன், ஒரு மெல்லிய கிளையைப் பிடித்துத் தொங்குவான். இதில் வந்து குதிக்கிற அளவுக்கு முட்டாள்கள் இருப்பார்களா என்று நினைப்பான். அடுத்த கட்டத்தில் இரண்டு எலிப் பிராணிகளும் அவனோடு அதே கிளையில்! அவை குதித்ததை ஸ்மித் வரையவே இல்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நம் மனதுதான் குதிக்க வைக்கிறது, சிரிப்பும் அங்கேதான். பனிக்காலம் வரும் பக்கத்தையும் இதே மாதிரி நிதானமாகப் பாருங்கள்.

மாட்டுப் பந்தயம் வரும் இரண்டாம் பாகம் வரை சிரித்துக்கொண்டே போகலாம். அப்புறம் கதை கனக்கும், பழைய பகைகள் தலைதூக்கும். ஒரு துண்டுச் சீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று குறித்துப் புத்தகத்துக்குள்ளேயே செருகி வையுங்கள். ஐந்தாம் பாகம் சுற்றுவழி மாதிரி தோன்றும், தாண்டிவிடாதீர்கள்.

சார்லஸ் வெஸ் வரைந்த 'ரோஸ்' என்ற முன்கதையும் இருக்கிறது. காலப்படி அதுதான் முந்தியது என்று அதிலிருந்து தொடங்கினால், கதையில் வரும் பாட்டி பென்னைப் பற்றிய ரகசியம் முதல் நாளே போட்டு உடைந்துவிடும். ஒன்பதையும் முடித்துவிட்டு எடுங்கள். எடுப்பதற்கு முன் அந்த வெட்டுக்கிளிப் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை திருப்பிப் பாருங்கள்.