பார்ட் டி: பிரீமியத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் 65 வயது நெருங்கினால் தபால்பெட்டி நிறையக் காப்பீட்டு விளம்பரங்கள் வரும். எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் இருப்பது மாதப் பிரீமியம். பெரும்பாலும் 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். அதன் மருந்துக் காப்பீடான, தனியார் நிறுவனங்கள் பல திட்டங்களாக விற்கும் பார்ட் டி-யில் பெரும்பாலான தவறுகள் அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுப்பதில்தான் தொடங்குகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் எந்த அடுக்கில் என்பதை. கீழடுக்கு ஜெனரிக் மருந்துக்குச் சில டாலர் போதும். மேலடுக்கில் விலையில் இத்தனை சதவீதம் என்பார்கள். இந்தச் சதவீதம்தான் பொல்லாதது. மருந்து நிறுவனம் அறிவித்த விலை (பட்டியல் விலை) 500 டாலர், உங்கள் பங்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் 125 டாலர் கட்டுகிறீர்கள். மருந்து நிறுவனமோ ரிபேட் என்ற பெயரில் 250 டாலரைக் காப்பீட்டாளர் பக்கம் திருப்பித் தருகிறது. ஆக உண்மை விலை 250; அதில் பாதி உங்கள் பணம். அந்த ரிபேட் பெரும்பாலும் எல்லாருடைய பிரீமியத்தையும் குறைக்கப் போகிறது. விளம்பரத்தில் பார்த்த குறைந்த பிரீமியத்துக்கு நோயாளிதான் மொய் எழுதுகிறார்.

"இப்போது மாத்திரையே இல்லை, பிறகு சேரலாம்" என்பது இன்னொரு தவறு. முதன்முறை சேருவதற்கான காலம் முடிந்த பிறகு, இணையான வேறு காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் கடந்தால் அபராதம் உண்டு. விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம். 2026-இல் அந்த அடிப்படைப் பிரீமியம் 38.99 டாலர், 30 மாதம் விட்டவருக்கு மாதம் 11.70 டாலர் கூடுதல். ஒருமுறை கட்டித் தீர்ப்பதல்ல, பார்ட் டி இருக்கும்வரை தொடரும்.

சேர்ந்த திட்டத்தை அப்படியே விட்டுவிடுவதும் வழக்கம். பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மாற்றிக்கொள்ளலாம்.

மருந்துக்கு நாம் கையிலிருந்து கட்டும் தொகைக்கு ஆண்டு உச்சவரம்பு வந்துவிட்டதே என்கிறார்கள். உண்மைதான், 2025-இல் 2,000, 2026-இல் 2,100 டாலர். ஆனால் பிரீமியம் இதில் சேராது, பட்டியலில் இல்லாத மருந்து சேராது, மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றும், மெடிகேரின் மருத்துவர் சிகிச்சைப் பிரிவான பார்ட் பி-யில் வரும் மருந்தும் சேராது. ஜனவரியிலேயே பெருந்தொகை கட்ட வேண்டியவர்கள் அதை மாதாமாதம் பிரித்துக் கட்டும் வசதியைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

சந்தையைப் பற்றிய பேச்சிலும் இதே வகைப் பிழைகள்தான். அரசு பணம் கொடுப்பதால் விலையையும் அரசே பேசி முடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2003 சட்டம் அதைத் தடுத்தது. 2006-இல் தொடங்கிய திட்டத்தில் பேரம் பேசியது தனியார் காப்பீட்டாளர்கள். போட்டி மருந்து இருந்த இடத்தில் அது பலித்தது: "உன்னுடையதைப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்" என்று சொல்ல முடிந்தது. புற்றுநோய், எச்ஐவி, வலிப்பு முதலான 6 பாதுகாக்கப்பட்ட வகைகளில் ஏறத்தாழ எல்லா மருந்தையும் சேர்த்தே ஆக வேண்டும். மறுக்க முடியாதவனிடம் பேரம் ஏது?

2022 சட்டம்தான் அரசையே பேச வைத்தது. முதல் 10 மருந்துகளின் பேசிய விலை 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஜனூவியா என்ற சர்க்கரை நோய் மாத்திரை 30 நாளுக்கு 527 டாலரிலிருந்து 113-க்கு வந்தது. 79 சதவீதம் மிச்சம் என்று இதைப் படிப்பதுதான் தவறு. 527 என்பது பட்டியல் விலை. ரிபேட் போக அரசுத் திட்டத்தின் செலவு ஏற்கெனவே அதைவிடக் குறைவு.

அரசு விலையைக் குறைத்தால் இனிப் புது மருந்தே வராது என்ற பயமும் மிகை. அடுத்த 30 ஆண்டுகளில் வரக்கூடிய சுமார் 1,300 புது மருந்துகளில் 13 குறையலாம் என்பது 2022-இல் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு. எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு: பேசிய விலை மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்த 9 ஆண்டிலேயே வரலாம், உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் ஊசி மருந்துக்கு 13 ஆண்டு கழித்துத்தான். ஆராய்ச்சிப் பணம் எந்தப் பக்கம் சாயும் என்று யூகிக்கப் பெரிய ஜோசியம் தேவையில்லை.