வெளிமானா, சிங்காராவா? கொம்பை விட்டு முகத்தைப் பாருங்கள்

ராஜஸ்தானில் ஜோத்பூரைச் சுற்றியுள்ள மரங்களையும் விலங்குகளையும் காப்பதை நெறியாகக் கொண்ட பிஷ்ணோய் மக்களின் ஊர்களில் வெளிமானும் (பிளாக்பக்) சிங்காராவும் (இந்தியச் சிறுமான்) ஆட்களைக் கண்டு அதிகம் மிரளாமல் வயலோரம் மேயும். 1730இல் வன்னி மரங்களை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 363 பேர் உயிர் கொடுத்த கேஜட்லியும் அங்கேதான் இருக்கிறது. இரலை (ஆன்டிலோப் வகை மான்) பார்க்கப் பழகுபவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதுகு கறுத்து, கொம்பு முறுக்கிய வளர்ந்த ஆண் வெளிமானை யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். நம்மைக் குழப்புவது அதன் பிணையும் (பெண் மான்) இளம் ஆணும். இரண்டுக்கும் சிங்காராவைப் போலவே மணல் பழுப்பு நிறம்.

படி 1: நின்ற இடத்திலேயே இருங்கள். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லா இரலையும் ஒரே நிழலுருவாகத்தான் தெரியும். பைனாகுலர் அவசியம்.

படி 2: முதலில் அது இரலைதானா என்று பாருங்கள். புள்ளிமான், கடமான் ஆண்களுக்குக் கொம்பு கிளைவிடும், ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். இரலையின் கொம்பு கிளைக்காது, விழவும் விழாது.

படி 3: எத்தனை நிற்கின்றன? வெட்டவெளிப் புல்லில் பெருங்கூட்டம் என்றால் பெரும்பாலும் வெளிமான். முட்புதர், மணல்மேட்டுப் பக்கம் ஒன்றாகவோ இரண்டு மூன்றாகவோ நின்றால் சிங்காராவாக இருக்கலாம். இது ஊகம் மட்டுமே. நோட்டில் இன்னும் எழுத வேண்டாம்.

படி 4: கொம்பு. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சிங்காராவில் ஆண், பிணை இரண்டுக்கும் கொம்பு உண்டு. ஆணுக்கு வளையம் வளையமாக, ஏறக்குறைய நேராக நிற்கும். பிணைக்கு மெலிந்து குட்டையாக இருக்கும். வெளிமான் பிணைக்குப் பொதுவாகக் கொம்பே கிடையாது. இதுவரை எளிது. ஆனால் ஓர் ஆண்டு நிரம்பாத ஆண் வெளிமானுக்கு முறுக்கு இன்னும் விழுந்திருக்காது. பழுப்பு உடம்பில் நேரான இரண்டு சிறு குச்சிகள் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் சிங்காரா பிணைதான். கொம்பை மட்டும் நம்பினால் இந்த இடத்தில் கட்டாயம் தவறுவோம்.

படி 5: ஆகவே முகத்துக்கு வாருங்கள். வெளிமானுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். பிணைக்கும் குட்டிக்கும்கூட அது உண்டு. சிங்காராவுக்குக் கண்ணிலிருந்து வாயோரம் வரை கன்னத்தில் ஒரு கருங்கோடு இறங்கும். அதை ஒட்டியே வெள்ளைக் கோடும் ஓடும். கண்ணீர் வழிந்து காய்ந்த தடம் போல இருக்கும் அந்தக் கோட்டை ஒருமுறை கண்டுவிட்டால் மறக்காது. வயது, பால், பருவம் எதுவானாலும் இந்த அடையாளம் கைவிடாது என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இதையே நான் நம்புகிறேன்.

முகம் மறைந்திருந்தால் விலாவைப் பாருங்கள். வெளிமான் பிணைக்குத் தோளிலிருந்து பின்தொடை வரை வெளிறிய பட்டை ஒன்று ஓடும். சிங்காராவுக்கு அந்தப் பட்டை இல்லை. வால் கறுப்பு, அடிக்கடி ஆட்டிக்கொண்டே இருக்கும்.

மரங்கள் அடர்ந்த குன்றுக்காட்டில் தனியாக ஒன்று தென்பட்டால் நாற்கொம்பு மானாகவும் இருக்கலாம். அதன் கால்களின் முன்புறம் கருங்கோடு இருக்கும். ஆணுக்கு நெற்றியில் இரண்டு சிறு கொம்புகள் கூடுதல்.

படி 6: ஓடத் தொடங்கினால் துரத்தாதீர்கள், ஜீப்பையும் கிளப்ப வேண்டாம். மிரண்ட வெளிமான் கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாக உயரத் துள்ளும். சிங்காரா மூக்கால் தும்மல் போல ஒலியெழுப்பி, முன்காலால் தரையை உதைத்துவிட்டு ஓடும். கொஞ்ச தூரம் போனதும் நின்று, நம்மைத் திரும்பிப் பார்க்கும். கன்னத்துக் கோடு நேராகத் தெரியும் தருணம் அதுதான். பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்காமல் காத்திருங்கள்.