எச்.ஐ.வி.யிலிருந்து வளரும் பிள்ளைகளைக் காக்கப் பெற்றோர் செய்ய வேண்டியவை

எச்.ஐ.வி. பற்றிப் பிள்ளைகளிடம் பேசப் பெற்றோர் பலர் தயங்குகிறார்கள். பேசினால் நாமே தூண்டிவிட்டதாக ஆகிவிடுமோ என்னும் அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உடலுறவில் ஈடுபட வைப்பதில்லை என்றே கண்டது. எனவே தயக்கத்தை விட்டு, பருவமடைவதற்குச் சற்று முன்பாகவே, ஏறத்தாழ 9 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில், பேசத் தொடங்குங்கள்.

முதலில் நீங்கள் தெளிவு பெறுங்கள். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பிறர் பயன்படுத்திய ஊசி ஆகியவற்றின் வழியாகவும், கருவுற்ற காலத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலூட்டும்போதோ தாயிடமிருந்து குழந்தைக்கும் இக்கிருமி பரவுகிறது. தொடுவதாலும் கட்டியணைப்பதாலும் ஒரே தட்டில் உண்பதாலும் கொசுக்கடியாலும் பரவுவதில்லை. இவ்வளவும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். தெரியாத கேள்வி வந்தால், "சேர்ந்தே கேட்டுத் தெரிந்துகொள்வோம்" என்று சொல்வதில் குறைவு ஏதும் இல்லை.

உட்காரவைத்து ஒரே மூச்சில் உபதேசிப்பதைவிட, உடல் மாற்றங்கள், நட்பு, காதல், விருப்பமில்லாததை மறுக்கும் உரிமை என்று சிறுசிறு உரையாடல்களாகப் பல மாதங்கள் தொடர்வதே பலன் தரும். பெண்பிள்ளைகளுக்கு எச்சரிக்கைகளை மட்டும் அடுக்கிவிட்டு ஆண்பிள்ளைகளிடம் ஒன்றுமே பேசாமல் விடும் வழக்கம் இருவருக்குமே தீங்கு செய்கிறது. உங்களால் பேச முடியாதென்றால், பிள்ளை நம்பும் சித்தியையோ மாமாவையோ பேசச் சொல்லுங்கள். வயதில் மூத்தவர் பணமோ பரிசோ தந்து நெருங்கினால் என்ன செய்வது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆணுறையைப் பற்றி விளக்கியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் புதியதைப் பயன்படுத்த வேண்டும், அதன் மேலுறையில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், எண்ணெய்ப் பொருள்கள் ரப்பர் ஆணுறையைக் கிழியச் செய்யும் என்பன அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொற்றும் வாய்ப்பு அதிகமுள்ளவர்கள் முன்கூட்டியே உட்கொள்ளும் தடுப்பு மருந்தும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015 முதல் அதைப் பரந்த அளவில் பரிந்துரைத்து வருகிறது.

பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறான் அல்லது இருக்கிறாள், எப்போது திரும்புவான் அல்லது திரும்புவாள் என்பதைக் கேட்டுத் தெரிந்திருப்பது பெற்றோரின் கடமை. அதற்காக அவர்களுக்குத் தெரியாமல் கைப்பேசியைத் துருவிப் பார்க்காதீர்கள்; அது வெளிப்பட்ட நாளில் அவர்கள் உங்களிடம் பேசுவதையே நிறுத்திவிடக்கூடும்.

அப்படிப் பேச்சு நின்றுபோவது உண்மையிலேயே ஆபத்தானது. ஆணுறை கிழிந்தாலும், பிறர் பயன்படுத்திய ஊசி குத்தினாலும், பாலியல் வன்முறைக்கு ஆளானாலும், தொற்று நிலைபெறாமல் தடுக்கும் அவசர மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்கி, 28 நாட்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். வீட்டில் சொன்னால் அடியும் அவமானமும்தான் கிடைக்கும் என்று அஞ்சும் பிள்ளை இந்த 72 மணி நேரத்தையும் மௌனத்திலேயே கழித்துவிடும். ஆகையால், "எது நடந்தாலும் என்னிடம் சொல், முதலில் மருத்துவமனைக்குப் போவோம், மற்றதைப் பிறகு பேசிக்கொள்வோம்" என்று இன்றே சொல்லிவையுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். வன்முறை நடந்திருந்தால் அதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தொற்றிய சில வாரங்கள்வரை பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம் என்பதால், மருத்துவர் குறிக்கும் நாளில் மறுபரிசோதனைக்கும் உடன் செல்லுங்கள்.

குடும்பத்திலேயே ஒருவருக்குத் தொற்று இருந்தால் அதை மறைத்துவைப்பது வீண் அச்சத்தையே வளர்க்கும். நாள்தோறும் மருந்து உட்கொண்டு, ரத்தத்தில் கிருமியைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்து வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக அது பரவுவதில்லை. பிறப்பிலேயே தொற்றுள்ள பிள்ளைக்கு, பள்ளி வயதிலேயே அதன் புரிதலுக்கேற்பப் படிப்படியாக உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. வளரும் பருவத்தில் மாத்திரை சலித்துப்போவது இயல்பே. தவறவிட்ட நாளில் திட்டாமல், ஏன் தவறியது என்று கேட்டு, மருந்து உட்கொள்ளும் நேரத்தைப் பிள்ளையோடு சேர்ந்து மாற்றி அமையுங்கள்.