ஒகேனக்கல் அருவியும் தொப்பூர் கணவாயும்: லாங் எக்ஸ்போஷரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாங் எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து அசைவைப் பதியும் படத்தில், ஷட்டர் எவ்வளவு அதிக நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு அழகு என்று நம்புவதுதான் பெரிய தவறு. ஒகேனக்கலில் காவிரி பெருகி விழும்போது 10 விநாடி கொடுத்தால் அருவி மொத்தமும் வெள்ளைத் திட்டாகிவிடும். நீர் எங்கே பாறையில் மோதிச் சிதறுகிறது என்பதே தெரியாது. அந்த வேகத்துக்கு 1/8 முதல் 1/2 விநாடி போதும். நீர் இழை இழையாக இறங்கும், அதன் விசையும் படத்தில் நிற்கும். நீர் குறைந்து பாறை இடுக்கில் மெல்ல வழியும் காலத்தில் 1 முதல் 2 விநாடி வரை தாராளமாகப் போகலாம். எப்போது எடுத்தாலும் அசையாத பாறை ஃபிரேமில் கணிசமாக இருக்கட்டும். அசையாதது ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் அசைவு கண்ணுக்குப் புலப்படும்.

உச்சி வெயிலில், வெளிச்சத்தைக் குறைக்கும் இருண்ட கண்ணாடியான என்டி ஃபில்டர் இல்லாமல் முயல்வது அடுத்த தவறு. ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100-க்கும் லென்ஸ் துளையை எஃப்/16-க்கும் குறைத்து வைத்தாலும் ஷட்டர் 1/125 விநாடி அருகில்தான் இருக்கும். துளையை இன்னும் சுருக்கி எஃப்/22-க்குப் போனால் கிடைப்பது ஏறக்குறைய ஒரே ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). டிஃப்ராக்‌ஷனால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுக்கக் கூர்மை குறையும். என்டி64 ஃபில்டர் 6 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைத்து அதே 1/125-ஐ அரை விநாடி ஆக்கும். என்டி1000 அதை 8 விநாடிக்குக் கொண்டுபோகும். பெருக்கில் அது வேண்டாம். அருவிக்கென்று ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதென்றால் என்டி64 வாங்குங்கள். இருண்ட ஃபில்டர் வழியே ஆட்டோஃபோகஸ் தடுமாறும். அதனால் முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஃபில்டரை மாட்டுங்கள். நுரை வெளுத்துப் போகாமல் இருக்கிறதா என்று ஹிஸ்டோகிராமில் (கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். வெளுத்த இடத்தை எடிட்டிங்கில் மீட்க முடியாது.

சாரல் ஓயாது. ஃபில்டரில் விழும் ஒரு துளிகூடப் படத்தில் மங்கலான வட்டமாகத் தெரியும். எடுக்கும் நேரம் வரை லென்ஸை மூடியே வைத்து, துடைத்த கையோடு ஷட்டரைத் தட்டுங்கள்.

தொங்கு பாலத்தில் ட்ரைபாட் வைப்பது வீண். ஆள் நடந்தாலே பாலம் அதிரும், ட்ரைபாடும் சேர்ந்து அதிரும். கெட்டியான தரையிலும் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கேமரா ஸ்ட்ராப்பைக் காற்றில் ஆடவிடாதீர்கள், 2 விநாடி டைமர் வையுங்கள். பழைய லென்ஸ் என்றால் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிடுங்கள். பரிசலில் உட்கார்ந்தபடி லாங் எக்ஸ்போஷர் எடுக்கவே முடியாது, பரிசலே சுழலும். கரையில் நின்று, போகும் பரிசலை 1/15 முதல் 1/30 விநாடியில் கேமராவைத் திருப்பியபடி பின்தொடர்ந்து எடுக்கலாம், இதுதான் பேனிங். ஷட்டர் மூடிய பிறகும் கேமரா திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் பரிசலும் கலங்கிவிடும்.

தொப்பூர் கணவாயில் வண்டி விளக்குக் கோடுகளை எடுப்பவர்கள் நன்றாக இருட்டும் வரை காத்திருப்பார்கள். அதற்குள் மலை கறுப்பில் கரைந்துவிடும். சூரியன் மறைந்த 20 முதல் 30 நிமிடத்துக்குள், வானில் நீலம் இருக்கும்போதே எடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 15 முதல் 30 விநாடி என்று தொடங்கலாம். ஏற்றத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் லாரி 10 விநாடியில் 55 மீட்டர்தான் நகரும், கோடு பாதியில் அறுந்து நிற்கும். லாரி ஃபிரேமுக்குள் நுழையும் முன்பே ஷட்டரைத் திறந்து, அது வெளியேறிய பின் மூடுங்கள். 30 விநாடிக்கு மேல் தேவைப்பட்டால், நாம் மூடும் வரை ஷட்டரைத் திறந்தே வைக்கும் பல்ப் மோடும் ரிமோட்டும் வேண்டும். இது விபத்துகள் நடக்கும் இறக்கம். சாலையோரத்தில் ட்ரைபாடை நிறுத்தாதீர்கள். சாலையை விட்டு விலகிய மேட்டிலிருந்து, 70 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸில் எடுங்கள்.