மலையகத்தில் செம்பும் தங்கமும் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்தளை, கண்டிப் பக்கம் சூளைக்குக் கல் உடைக்கும் இடங்களில், வெள்ளைப் பளிங்குக் கல்லுக்குள் பொன்னிறத் தகடுகள் மின்னுவதுண்டு. அதைத் தங்கம் என்று நம்பி ஏமாறுவோர் பலர். தகட்டை நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஏடு ஏடாகப் பிரிந்தால் அது மைக்கா. தங்கம் அப்படிப் பிரியாது, தட்டினால் நசுங்கித் தட்டையாகும். பித்தளை நிறத்தில் சின்னஞ்சிறு கனசதுரமாக இருப்பது பைரைற்று என்ற இரும்புக் கனிமம். பேனாக்கத்தி அதைக் கீறாது. செம்புத் தாதான சல்கோபைரைற்றில் கத்தி கீறல் விழும்.

பாறை படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் வேறு. பளிங்கும், கார்னெட், பச்சை டயொப்சைட் என்ற கனிமங்களும் ஒன்றாகக் கிடந்தால் உடனே அதை ‘ஸ்கார்ன்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். செம்பு தரும் ஸ்கார்ன் உருவாக, மக்மா எனும் உருகிய பாறைக்குழம்பு சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊடுருவ வேண்டும். அதிலிருந்து வரும் சிலிக்காவும் இரும்பும் கலந்த வெந்நீர் சுண்ணாம்பைக் கரைத்து, அந்த இடத்தில் கார்னெட்டைப் படியவைக்கிறது. செம்பும் தங்கமும் பெரும்பாலும் அதற்குப் பிறகு, பாறை ஆறும்போதுதான் வந்து சேர்கின்றன. நமது மலையகப் பாறைகளோ ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, 20 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் வெந்து உருமாறியவை. அந்த வெப்பத்தில் மக்னீசியமும் மணலும் கலந்த சுண்ணாம்புக் கல் தானே டயொப்சைட்டைத் தரும், களிமண் பாறை தானே கார்னெட்டைத் தரும். வெளியிலிருந்து ஒரு துளி உலோகமும் வரத் தேவையில்லை.

செம்பு உருகி வழிந்து வெடிப்புகளில் உறைந்தது என்ற கற்பனையையும் விட்டுவிட வேண்டும். போர்பிரி என்பது பாறையின் மயிரிழை வெடிப்புகளில் செம்புத் தாது சிதறிக் கிடக்கும் பெரும் படிவு. அதில் வேலை செய்வது நீர். புவியோட்டின் கடலடித் தகடு இன்னொரு தகட்டின் கீழ் அமிழும்போது, அதில் கட்டுண்டிருந்த நீர் வெளியேறி, மேலேயுள்ள பாறையை உருகவைக்கிறது. நீர் நிறைந்த அந்த மக்மா மேலேறி, நிலத்துக்குச் சில கிலோமீற்றர் கீழே தேங்குகிறது. சோடாப் போத்தலைத் திறந்ததும் வாயு பொங்குவதுபோல, அமுக்கம் குறையக் குறைய உப்பு மிகுந்த வெந்நீர் அதிலிருந்து பிரிகிறது. செம்பு குளோரைட்டோடு இணைந்து அந்த நீரில் கரைந்து வருகிறது. நீரின் அமுக்கம் தாங்காமல் மேற்பாறை மயிரிழை வெடிப்புகளாக நொறுங்குகிறது. வெப்பம் 400 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது அவ்வெடிப்புகளில் சல்கோபைரைற்று படிகிறது.

ஆகவே கட்டிச் செம்பை எதிர்பார்த்தால் கண்முன் இருக்கும் தாதையே தவறவிடுவீர்கள். ஒரு தொன் பாறையில் பெரும்பாலும் 4 முதல் 10 கிலோ செம்புதான் இருக்கும், தங்கம் பல இடங்களில் ஒரு கிராம்கூடத் தேறாது. பாறையின் பேரளவால்தான் சுரங்கம் கட்டுப்படியாகிறது. இந்தோனேசியப் பப்புவாவில் 1936இல் எர்ட்ஸ்பெர்க் என்ற ஸ்கார்ன் குன்று அறியப்பட்டது. அதன் அருகிலேயே கிராஸ்பெர்க் போர்பிரியைக் கண்டறிய 1988 வரை ஆனது. கிராஸ்பெர்க்கின் வயது சுமார் 30 இலட்சம் ஆண்டுகள்தான்.

இந்த வயது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. போர்பிரி ஆழமற்ற இடத்தில் பிறப்பதால், மலை தேயும்போது அதுவும் தேய்ந்துவிடும். நம் மலையகத்தில் 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாறை அரித்துப்போய்விட்டது. பழங்காலத்தில் அங்கே ஒரு போர்பிரி இருந்திருந்தாலும், அது எப்போதோ மணலாகி ஆற்றோடு போயிருக்கும். ‘சேருவிலவில் செம்பு இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், திருகோணமலை மாவட்டத்தில் 1971இல் கண்டறியப்பட்ட அந்தப் படிவில் செம்போடு மக்னடைற்று என்ற இரும்புத் தாதும் இருக்கிறது. ஆனால் அது மிகப் பழைய உருமாறிய பாறைகளுக்குள் இருக்கும் படிவு. கிராஸ்பெர்க்கோடு ஒப்பிட்டு மலையகத்தில் நம்பிக்கை வளர்க்க அது உதவாது.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, மின்னும் கல்லைத் துரத்தி, தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவைக் குடைவது. அடிவாரத்தை வெட்டிய சரிவு அடுத்த மழையில் வீடுகள்மேல் இறங்கக்கூடும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் கனிமம் அகழ்வதும் குற்றம். சந்தேகம் இருந்தால் கைப்பிடி அளவு கல்லை, எடுத்த இடத்தைக் குறித்து, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்திடம் காட்டிக் கேளுங்கள்.